கடலுக்குப் போகும் தண்ணீர்

தாமிரபரணியில் வெள்ளம் போகும் ஒவ்வொரு வருடமும் திருநெல்வேலிப் பக்கம் ஒரு பேச்சு கிளம்பும். "இம்புட்டுத் தண்ணியும் வீணா கடலுக்குல்லா போவுது!" டீக்கடையில் கேட்கலாம், பேருந்தில் கேட்கலாம், செய்தித்தாளில் தலைப்பாகவும் படிக்கலாம். ராதாபுரத்திலும் சாத்தான்குளத்திலும் வானத்தை நம்பி நிலம் வைத்திருப்பவர் அப்படிச் சொல்வதில் நியாயம் இருக்கிறது. அந்த வறண்ட பூமிக்குத் தண்ணீர் போக வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் கடலில் போய்ச் சேரும் தண்ணீரை வழியில் யார் யார் நம்பி இருக்கிறார்கள் என்று நேரில் பார்க்க வெகுநாளாக ஆசை. வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து, பிசான நெல் பச்சைப்பசேலென்று நிற்கும் தை மாதத்தில் மலையடிவாரத்தில் தொடங்கி, ஆறு போகும் வழியே புன்னைக்காயல் வரை போனேன்.

நீளத்தைப் பார்த்தால் தாமிரபரணி பெரிய ஆறு அல்ல. பொதிகையில் பிறந்து மன்னார் வளைகுடாவில் கலக்கும்வரை சுமார் 128 கிலோமீட்டர்தான். தமிழ்நாட்டிலேயே பிறந்து தமிழ்நாட்டிலேயே கடல் சேர்கிறது. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை இரண்டுமே இதன் மலைகளில் பெய்கின்றன. ஆனியில் ஒரு ஏற்றம், ஐப்பசியில் ஒரு ஏற்றம், நடுவில் ஒரு தணிவு, பங்குனி சித்திரையில் இன்னொரு தணிவு. கார், பிசானம் என்று விவசாயி இரண்டு போகம் வைத்தது இந்தக் கணக்கை வைத்துத்தான். அவர் கணக்குப் போடத் தொடங்குவதற்கு எத்தனையோ காலம் முன்பே மீனும் மரமும் பறவையும் இதே ஏற்ற இறக்கத்துக்குத் தங்கள் வாழ்க்கையை ஒப்படைத்துவிட்டன.

பாபநாசத்தில் வனத்துறைச் சோதனைச் சாவடியைத் தாண்டியதும் சாலை மலை ஏறுகிறது. இது களக்காடு–முண்டந்துறை புலிகள் காப்பகம். 1988இல் இரண்டு சரணாலயங்களை இணைத்து உருவாக்கியது. புலியின் பேரில் காக்கப்படும் இந்தக் காடு, கீழே இரண்டு மாவட்டங்களுக்குச் சோறும் தண்ணீரும் கொடுக்கிறது. காரையாற்றங்கரையில் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குச் சற்றுத் தள்ளி, என்னோடு வந்த காணிப் பழங்குடிப் பெரியவர் ஒரு பாறையைக் காட்டி நின்றார். ஆற்றுக்குள் முதுகை நீட்டிக் கிடந்த பாறை. அதன் உச்சியில், தண்ணீர் எட்டாத இடத்தில், பாதி காய்ந்த கறுப்புக் குவியல் ஒன்று.

"நீர்நாய் போட்டது சார். நேத்து ராத்திரிதான்."

குச்சியால் கிளறினார். மீன் செதில்கள் வெயிலில் மினுங்கின. நடுவே மெல்லிய முட்கள், செம்மண் நிறத்தில் நண்டு ஓட்டுத் துண்டுகள். நல்ல கவிச்சி வாடை. ஒரு கூட்டத்து நீர்நாய்கள் திரும்பத் திரும்ப ஒரே பாறைக்கு வந்து இப்படிப் போட்டுவிட்டுப் போகும். மற்ற நீர்நாய்களுக்கு அது முகவரிப் பலகை. இந்தப் பாறை அதற்கு உதவ வேண்டுமென்றால் நீருக்கு மேலே தெரிய வேண்டும்; பக்கத்தில் மீன் தங்கும் ஆழமான கசம் இருக்க வேண்டும்; கரையில் மர வேர்களுக்கு அடியில் குட்டி போட வளை இருக்க வேண்டும். "கசம் தூந்து போச்சுன்னா அன்னைக்கே இடத்த மாத்திரும். வேற இடமும் தூந்து போச்சுன்னா எங்க போகும் சார்?" என்றார் பெரியவர்.

சலசலத்து ஓடும் இடத்தில் முழங்கால் ஆழத்தில் இறங்கி ஒரு கல்லைப் புரட்டினேன். அடிப்பக்கத்தில் நகக்கண் அளவு நீளத்துக்குச் சின்னச் சின்ன மணல் குழல்கள் ஒட்டியிருந்தன. பூச்சி ஒன்றின் புழு, தன் வாயில் சுரக்கும் பட்டிழையால் மணல் துகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஒட்டிக் கட்டிய வீடு. உற்றுப் பார்த்தால் துகள்களைப் பருமன் பார்த்துப் பொறுக்கியிருப்பது தெரியும். குழல் வாயிலிருந்து ஒரு கறுத்த தலையும் மூன்று சோடிக் கால்களும் எட்டிப் பார்த்து உள்ளே போயின. வளர்ந்து சிறகு முளைத்து நீரை விட்டு வெளியேறும்வரை அதற்கு இந்தக் குழல்தான் உலகம். காட்டிலிருந்து உதிர்ந்து ஊறிய இலைகளையும் கல்லில் படியும் பாசியையும் தின்று வாழ்கிறது. அதற்குத் தேவையான பிராணவாயுவை, பாறையில் மோதி நுரைத்துக் காற்றைக் கலந்துகொண்டு வரும் நீர் கொண்டுவந்து தருகிறது. ஓட்டம் நின்றால் நீர் சூடேறும், பிராணவாயு குறையும், சேறு கல்லின் அடியில் அடைத்துக்கொள்ளும். முதலில் சாவது இந்தப் புழு. அடுத்து அதைத் தின்னும் மீன். அதற்கடுத்து, பாறைமேல் முகவரி எழுதிவைத்துவிட்டுப் போன நீர்நாய்.

இங்கே ஓடும் கெண்டை வகைகளில் ஒன்று உலகில் வேறெந்த ஆற்றிலும் இல்லை. மீனியல் அறிஞர் ஈ. ஜி. சைலஸ் 1954இல் அதை விவரித்து, ஆற்றின் பெயரையே அதற்குச் சூட்டினார். இன்று அதன் அறிவியல் பெயர் டாக்கின்சியா தம்ப்ரபர்ணியை. அழியும் ஆபத்திலுள்ள உயிர்களின் பட்டியலில் இருக்கிறது. காவிரி வற்றினால் காவிரிக் கெண்டைக்கு இன்னொரு ஆறு இருக்கலாம். இதற்கு இந்த ஆற்றுப்படுகையை விட்டால் போக்கிடம் கிடையாது.

பாறை இடுக்குகளில் அடர்ந்திருந்த காட்டலரிப் புதரையும் சொல்ல வேண்டும். வெள்ளத்தில் வாரக்கணக்கில் மூழ்கிக் கிடக்கும். தண்டை இழுத்துப் பார்த்தேன். நார்போல வளைந்ததே தவிர ஒடியவில்லை. வேரோ பாறைப் பிளவுக்குள் ஆப்பு அடித்ததுபோல் இறங்கியிருந்தது. வெள்ளம் வடிந்த பின்புதான் அதற்கு வெயில், பூ, விதை எல்லாம். எப்போதும் நீர் நின்றால் அது அழுகும். வெள்ளமே வராவிட்டால் மேட்டிலிருந்து வேறு செடிகள் இறங்கி வந்து இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் ஏறுவதும் வேண்டும், இறங்குவதும் வேண்டும்.

அந்த ஏற்ற இறக்கத்தில்தான் அணை கை வைக்கிறது. பாபநாசம் அணையின் உயரம் 143 அடி, சேர்வலாறு அணை 156 அடி. இரண்டும் சுரங்கப் பாதையால் இணைந்தவை. 1944 முதல் இங்கே மின்சாரம் எடுக்கிறார்கள். அணைக்குக் கீழே ஆறு மழையின் சொற்படி ஓடுவதில்லை, மதகின் சொற்படி ஓடுகிறது. அணைகள் இல்லாமல் சுமார் 86,000 ஏக்கர் பாசனத்தை நினைத்துப் பார்க்க முடியாது. அதை அறிந்தேதான் சொல்கிறேன். ஆற்று மீன்கள் பலவற்றுக்கு முட்டையிடும் வேளையை அறிவிப்பது முதல் புதுவெள்ளம். நீர் கலங்குவது, குளிர்வது, வேகம் எடுப்பது, கரைமேல் ஏறிப் புல்லை நனைப்பது எல்லாம் சேர்ந்து வந்தால்தான் சினைமீன் மேடேறும். அந்த முதல் வெள்ளத்தை அணை முழுசாக வாங்கி வைத்துக்கொண்டால், வயிற்றில் சினையோடு மீன் காத்துக் கிடக்கும். பிறகு எவ்வளவு தண்ணீர் விட்டாலும் தவறிய வேளை தவறியதுதான்.

பாபநாசம் கோயில் படித்துறையில் மீன்கள் மனிதர் காலைச் சுற்றி மொய்க்கின்றன. பொரி போட்டால் தண்ணீர் கொதிப்பது போலிருக்கிறது. சாமியின் மீன் என்று யாரும் பிடிப்பதில்லை. அதே படித்துறையில் பரிகாரம் என்று சொல்லி உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். ஒரு பழைய சேலை பாறையில் சுற்றிக்கொண்டு அலைந்தது. அதன் மடிப்புக்குள் சிக்கிச் செத்த குஞ்சு மீன்களைப் பார்த்தபோது மனம் நொந்தது. பாவத்தைக் கழுவ வந்த இடத்தில் இதைச் செய்யலாமா?

அங்கிருந்து ஆறு சமவெளிக்கு வருகிறது. கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் என்று அணைக்கட்டுகள் ஒன்றன்பின் ஒன்றாக வருகின்றன. கடல்வரை மொத்தம் எட்டு. பழைய அணைக்கட்டுகள் தாழ்வானவை. கால்வாய்க்குப் போக மிஞ்சிய நீர் அவற்றின் முதுகில் வழிந்து மறுபடி ஆறாகும். கால் வழியே போன நீரும் காணாமல் போவதில்லை. குளத்தில் நிற்கும், வயலில் பரவும், வாய்க்காலில் கசிந்து மீண்டும் ஆற்றுக்கே வரும். போகிற வழியெல்லாம் மீன்குஞ்சையும் நத்தையையும் தவளையையும் விதைத்துக்கொண்டே போகும்.

அந்த விதைப்பின் அறுவடையைத் திருப்புடைமருதூரில் பார்த்தேன். கடனாநதி தாமிரபரணியில் சேரும் இடத்திலுள்ள ஊர். நாறும்பூநாதர் கோயிலைச் சுற்றியும் வீட்டுக் கொல்லைகளிலும் ஓங்கி நிற்கும் மருத மரங்களிலும் இலுப்பை மரங்களிலும் நாரைகளும் கொக்குகளும் நீர்க்காகங்களும் கூடு கட்டுகின்றன. 2005இல் இதைப் பறவைகள் காப்பிடமாக அரசு அறிவித்தது. மூன்று ஹெக்டேர்கூட இல்லாத இடம். காடு ஒன்றும் இல்லை. ஒரு கிராமம், அவ்வளவுதான். நான் போனபோது சங்குவளை நாரைகள் குச்சி சுமந்து வந்துகொண்டிருந்தன. மரத்தடி முழுவதும் வெள்ளை எச்சம், மீன் வாடை. வீட்டு வாசலில் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்த ஆச்சியிடம், இதெல்லாம் தொந்தரவாக இல்லையா என்று கேட்டேன்.

"தொந்தரவுதான் தம்பி. துணி காயப்போட முடியாது. அதுக்காகப் பிள்ளைத்தாச்சிய யாராவது வெரட்டுவாகளா?"

இந்த நாரை மீன் பிடிக்கும் விதத்தை ஊருக்கு வெளியே ஒரு குளத்தில் வெகுநேரம் நின்று பார்த்தேன். அலகைப் பாதி திறந்து தண்ணீருக்குள் விட்டபடி மெல்ல நடக்கிறது. ஒரு காலால் சேற்றைக் கலக்குகிறது. கலங்கி ஓடும் மீன் அலகுக்குள் பட்டதும் சட்டென்று மூடிக்கொள்கிறது. கண்ணால் பார்த்துக் கொத்துவதில்லை, தொட்டுணர்ந்து பிடிக்கிறது. அதனால் குளம் நிறைந்து ததும்பும் கார்த்திகையில் அதற்கு வேலை இல்லை. அதன் காலளவுக்கு நீர் வற்றி, ஐப்பசி வெள்ளத்தில் பிறந்த குஞ்சு மீன்கள் வளர்ந்து, குறைந்த நீரில் நெருக்கமாகக் கூடும் தை மாசியில்தான் விருந்து. குஞ்சு பொரித்து ஊட்டும் காலத்தை அது இந்த நாட்களோடு பொருத்தி வைத்திருக்கிறது. வெள்ளம் வந்து குளம் பெருகாவிட்டால் மீன் பெருகாது. பெருகிய குளம் வற்றாவிட்டால் மீன் அகப்படாது. ஒரேயடியாக வறண்டுவிட்டால் தாய்ப்பறவை கூட்டைக் கைவிட்டுப் போய்விடும், குஞ்சுகள் மேலேயே கிடந்து சாகும். குளத்தை ஆழமாகத் தோண்டிக் கரையைச் செங்குத்தாக வெட்டி, நடுவே நடைபாதை போட்டு "அழகுபடுத்தும்" ஊர்களில் நாரை வராததற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை. அதற்கு நிற்க இடமில்லை.

திருநெல்வேலியில் அதிக நேரம் நிற்கவில்லை. குறுக்குத்துறை முருகன் கோயில் ஆற்றுக்குள்ளேயே இருக்கிறது. வெள்ளம் வந்தால் கோயில் மூழ்கும். உற்சவரை மேலக்கோயிலுக்கு எடுத்துப் போவார்கள். வடிந்ததும் கழுவி விட்டுப் பூசையைத் தொடர்வார்கள். ஆறு ஏறி இறங்கும் என்பதை ஒப்புக்கொண்டு கட்டிய கோயில் அது. அதற்குக் கீழே நகரத்துச் சாக்கடை கலக்கிறது. சாக்கடையின் உரத்தைத் தின்று, ஓட்டம் மந்தப்பட்ட இடங்களிலெல்லாம் அமலைச் செடி கம்பளமாய் மூடிவிட்டது. அந்தக் கம்பளத்தின் அடியில் வெளிச்சம் இல்லை, பிராணவாயு இல்லை. மலையில் கல்லுக்கு அடியில் பார்த்த புழுவை இங்கே தேடிப் பயனில்லை. அமலையை ஆட்களை வைத்து அள்ளுகிறார்கள், மறுபடி வளர்கிறது. ஒரு நல்ல வெள்ளம் அத்தனையையும் ஒரே இரவில் துடைத்துக்கொண்டு போகும்.

சீவலப்பேரியில் சிற்றாறு சேர்கிறது. அதற்குப் பிறகு ஆறு அகலம், கரை தாழ்வு. ஒரு காலத்தில் இங்கெல்லாம் மணல் பரந்து கிடந்தது. வெள்ளத்து நீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு கோடையில் ஊற்றாய் விட்டுக்கொடுத்தது. ஆலாக்களும் ஆள்காட்டிகளும் அந்தத் திட்டுகளில் முட்டையிட்டன. மணலை அள்ளிய இடங்களில் களிமண் தரையும் சீமைக்கருவேலமும் மிச்சம். 2010இல் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை தாமிரபரணியில் மணல் அள்ளத் தடை விதித்தது. அள்ளியதைத் திருப்பிக் கொண்டுவந்து போட வெள்ளத்தால் மட்டுமே முடியும்; அந்த மணலும் இப்போது அணைக்குப் பின்னால் தேங்கிக் கிடக்கிறது.

ஸ்ரீவைகுண்டம் எட்டாவது அணைக்கட்டு, ஆங்கிலேயர் காலத்தது. வடகாலும் தென்காலும் இங்கே பிரிகின்றன. குடிநீருக்கும் தூத்துக்குடித் தொழிற்சாலைகளுக்கும் இங்கிருந்து தண்ணீர் போகிறது. பாலத்தில் நின்று மேற்கே பார்த்தால் கடல்போல் நீர். கிழக்கே பார்த்தால், நான் போன அன்று, மணல்வாரி மதகுகளின் இடுக்கில் கசிந்த நீர் ஒரு வாய்க்கால் அளவுக்கு நெளிந்து போனது. அணைக்கட்டு நிரம்பி வழிந்தால் மட்டுமே கீழே ஆறு.

அந்த இடத்தில் எனக்கு விலாங்கு மீன்தான் நினைவுக்கு வந்தது. அது பிறப்பது ஆற்றில் அல்ல, இந்தியப் பெருங்கடலின் ஆழத்தில். கண்ணாடிபோல உடல் வழியே வெளிச்சம் தெரியும் விரல் நீளக் குஞ்சுகளாகக் கரைக்கு வந்து, கடலில் கலக்கும் நன்னீரின் வாசனையைப் பிடித்துக்கொண்டு முகத்துவாரத்தைக் கண்டுபிடிக்கின்றன. பிறகு எதிர்நீச்சல் போட்டு மேலே ஏறுகின்றன. அணைக்கட்டின் சரிவு ஈரமாக இருந்தால் போதும், அதில் ஒட்டி ஊர்ந்து ஏறிவிடும். வருடக்கணக்கில் கசங்களில் வாழ்ந்து பருத்து, ஒரு மழைக்கால வெள்ளத்தில் கடலுக்குத் திரும்பி, ஒரே ஒரு முறை முட்டையிட்டுச் செத்துப்போகும். வெள்ளம் வராமல் அதற்குத் திரும்பும் வழி இல்லை. கடலில் நன்னீர் கலக்காமல் அதன் குஞ்சுக்கு வரும் வழி தெரியாது. மேலேயுள்ள பெரிய அணைகளை அது தாண்டாது. ஆனால் கல் அணைக்கட்டுகளை, முதுகில் ஒரு விரல்கடை நீர் வழிந்தாலே தாண்டும்.

ஏரல், ஆத்தூர் வழியாகப் புன்னைக்காயல் வந்தபோது மதியம். 2023 டிசம்பரில் இந்தப் பகுதி பட்ட பாட்டை மறக்க முடியாது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் கிட்டத்தட்ட 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. ஆறு ஊர்களுக்குள் புகுந்தது. வீட்டையும் ஆடுமாடுகளையும் உறவுகளையும் இழந்தவர்களிடம் வெள்ளம் நல்லது என்று சொல்ல எனக்கு நாக்கு எழாது. அது வேறு. ஆண்டுதோறும் கரைக்குள் அடங்கி வரும் வெள்ளத்தைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருக்கிறேன்.

ஆறு இங்கே கைகளாகப் பிரிந்து திட்டுகளைச் சுற்றிக்கொண்டு கடலுக்குப் போகிறது. திட்டு ஓரமெல்லாம் அலையாத்தி, பெரும்பாலும் வெண்கண்டல். வள்ளத்தில் கூட்டிப் போனவர் அறுபதைத் தாண்டியவர், அண்ணாச்சி என்றேன். மரத்தடியில் சேற்றுக்குள்ளிருந்து ஆயிரக்கணக்கில் மூச்சுவேர்கள் பென்சில் நட்டதுபோல் குத்திட்டு நின்றன. ஒரு இலையைக் கிள்ளிப் பார்த்தேன். மேலே பொடிப்பொடியாக வெள்ளைப் படிகம்; நாக்கில் வைத்தால் கரித்தது. வேர் உறிஞ்சிய உப்பை இலை வழியே வெளியே தள்ளுகிறது இந்த மரம். இவ்வளவு திறமை இருந்தும் அதன் கன்று பிழைக்க நன்னீர் வேண்டும். விழுந்த விதை வேர் பிடிக்கும் நாட்களில் சேற்றின் உப்பு தணிந்திருக்க வேண்டும். அதைப் பெரும்பாலும் தணிப்பது மேலிருந்து வரும் ஆற்றுநீர்தான். உப்பு ஏறிய திட்டுகளில் பெரிய மரங்கள் நின்றன. அடியில் ஒரு கன்றுகூட இல்லை. பார்ப்பவர் கண்ணுக்குப் பச்சையாகத்தான் தெரியும்.

"அண்ணாச்சி, எறால் பாடு எப்படி?"

"ஆத்துத் தண்ணி எறங்கி கடல் கலங்குன வருசம் பாடு உண்டு தம்பி. எறங்காத வருசம் வலைய ஒணத்திக்கிட்டு இருக்க வேண்டியதுதான். கொடுவாயும் மடவையும் அப்படித்தான். குஞ்செல்லாம் இந்த வேருக்குள்ளதான் கெடந்து வளரும்."

ஆற்றுநீர் கொண்டுவரும் வண்டலும் இலைச்சத்தும் முகத்துவாரத்து நீரில் நுண்பாசியை வளர்க்கின்றன. அதை நம்பி இறால் குஞ்சு, அதை நம்பி மீன். மன்னார் வளைகுடாவுக்குத் தாமிரபரணி கொடுக்கும் சீதனம் அது. காரையாற்றில் இலை தின்ற புழுவுக்கும் இங்கே வலையில் படும் இறாலுக்கும் ஒரே காட்டின் இலைதான் சோறு. நீர்வரத்து குறைந்தால் நடப்பதையும் அண்ணாச்சி காட்டினார். கடலலை மணலைக் கொண்டுவந்து முகத்துவாரத்தில் திட்டுப் போடுகிறது. தள்ளிவிட ஆற்றுக்குப் பலம் இல்லை. வள்ளம் தரை தட்டி, அவர் இறங்கித் தள்ள வேண்டியிருந்தது. உப்பு மட்டும் மேற்கே ஏறுகிறது. கரையோரத் தென்னைக்கும் வாழைக்கும் கிணற்றுக்கும் போகிறது.

கன்னடியன் காலிலிருந்து ராதாபுரம், சாத்தான்குளம் பக்கம் போகும் வெள்ளநீர்க் கால்வாய்த் திட்டத்துக்கு 2,765 மில்லியன் கனஅடி என்று கணக்கு. தாகமுள்ள நிலத்துக்குப் போகட்டும். ஆனால் மிச்ச வெள்ளம் முழுவதுக்கும் இப்படியே ஒரு வாரிசு கண்டுபிடித்துக்கொண்டே போனால் புன்னைக்காயலின் பங்கு என்ன ஆகும்? அணை திறக்கும்போது அரசு ஆணை வெளியிடுகிறது. எந்தக் காலுக்கு எத்தனை கனஅடி, எந்தத் தேதிமுதல் எந்தத் தேதிவரை என்று அதில் வரிசையாக இருக்கும். அந்த வரிசையில் ஸ்ரீவைகுண்டத்துக்குக் கீழுள்ள ஆற்றுக்கும் ஒரு வரி எழுத வேண்டும். ஆண்டு முழுவதும் பெருக்கெடுத்து ஓட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. ஐப்பசியின் முதல் வெள்ளத்தில் ஒரு பகுதியை அணையில் அடைக்காமல் விட வேண்டும். அணைக்கட்டு முதுகுகளில் விலாங்குக் குஞ்சு ஏறும் அளவுக்கு மெல்லிய வழிவு இருக்க வேண்டும். கண்டல் விதை வேர் பிடிக்கும் நாட்களில் முகத்துவாரம்வரை நன்னீர் எட்ட வேண்டும்.

அண்ணாச்சியிடம் இதைச் சொன்னபோது அவர் என்னைவிடக் குறைவாகவே கேட்டார். "ஐப்பசி கார்த்திகைத் தண்ணிய நாங்க கேக்கல, அது அடைச்சாலும் நிக்காது, தானா வந்துரும். தை மாசியில ரெண்டு மதகுத் தண்ணி, பதினஞ்சு நாள். அதுக்கு யார்கிட்ட எழுதிப் போடணும்?"

எழுதிக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறேன்.